எக்மோ என்றாலே முடிந்ததா?



என் மைத்துனர் சேலையூர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். தனித்தனியாகப் பதில் எழுத முடியாததால் இந்தப் பதிவு.

"எக்மோ வைத்திருக்கிறார்கள்" என்று சொன்னதுமே உங்களில் பாதிப் பேர் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினீர்கள். தப்பில்லை. நாம் அந்தச் சொல்லைக் கேட்டதே 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்காக. அப்புறம் 2020இல் எஸ்.பி.பி. இரண்டும் எப்படி முடிந்தன என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2021இல் நம் குரோம்பேட்டை ரேலா மருத்துவமனையில் கொரோனா நோயாளி ஒருவர் எக்மோ, வென்டிலேட்டர் என்று 109 நாள் போராடி, நுரையீரல் மாற்று இல்லாமலே வீட்டுக்குப் போனார். அதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

இந்த எந்திரம் நோயைக் குணப்படுத்தாது. உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே இழுத்து, கரியமில வாயுவை நீக்கி, ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும். அதற்குள் இதயமோ நுரையீரலோ தேற வேண்டும். மைத்துனருக்கு வைரஸ் காய்ச்சலில் இதயத் தசை வீங்கிவிட்டது.

தொல்லை என்னவென்றால், ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்டால் உறையப் பார்க்கும். உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். அது கூடினால் மூளையில்கூட ரத்தம் கசியலாம். குறைந்தால் குழாயில் கட்டி. ராத்திரி பகலாக ரத்தப் பரிசோதனை. டார்ச் அடித்து, ஆக்ஸிஜன் ஏற்றும் பெட்டியில் கருந்திட்டு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மின்சாரமும் பேட்டரியும் கைவிட்டால் பம்பைக் கையால் சுற்ற ஒரு கைப்பிடி உண்டு! பழைய தையல் மிஷின் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் இரவு அவருடைய வலது பாதம் சில்லிட்டுப் போனது. தொடைத் தமனியில் இருந்த தடித்த குழாய் கீழே போகும் ரத்தத்தை மறித்துவிட்டது. மணிக்கொரு தரம் பாதத்தைத் தொட்டு, நாடி கேட்கிறதா என்று பார்த்த நர்ஸ் பெண்தான் கண்டுபிடித்தாள். உடனே காலை நோக்கி இன்னொரு சிறு குழாய் போட்டார்கள். சில மணி நேரம் தாமதித்திருந்தால் கால் போயிருக்கும். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

பக்கத்துக் கட்டில் இளைஞர் பிழைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லோருக்கும் இது ஏற்ற வைத்தியமல்ல, செலவும் குடும்பத்தைச் சாய்த்துவிடும். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: எந்த உறுப்பு தேறும் என்று காத்திருக்கிறோம், தேறாவிட்டால் அடுத்து என்ன, எப்போது நிறுத்துவீர்கள்? எங்களிடம் அவர்கள் முதல் நாளே இதைப் பேசிவிட்டார்கள். கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஒன்பது நாளும் எங்களுக்குள் சண்டை வராததற்கு அதுதான் காரணம்.

ரத்தம் நிறைய தேவைப்பட்டது. 1998 பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பல்லாவரத்திலிருந்தும் வண்டலூரிலிருந்தும் பைக்கில் வந்து வரிசையில் நின்றார்கள். ஒருவனை மட்டும் ஹீமோகுளோபின் குறைவென்று திருப்பிவிட்டார்கள். டேய், யாரென்று உனக்கே தெரியும். முருங்கைக்கீரை சாப்பிடு.