பாடாது விட்ட பாட்டு

விழா மேடையிலே வழக்கமாகப் பாடப்பட்டுவந்த தேசபக்திப் பாட்டொன்று ஓராண்டு பாடப்படாமற் போனால், அதனைத் தணிக்கை என்று சொல்லலாமா? இக்கேள்வி அண்மைக் காலத்திலே பல நாடுகளில் எழுந்திருக்கின்றது. தணிக்கை என்பது வலிமை மிக்க சொல். அத்தகைய சொல்லைக் கண்டவிடமெல்லாம் வழங்கினால் அது தேய்ந்துபோகும். உண்மையாகவே வேண்டிய வேளையில் உதவாது. ஆதலின் அச்சொல் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று நிதானமாக ஆராய்தல் நன்று.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சங்கீத ஆசிரியையாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவள். பரிசளிப்பு விழா, நாவலர் குருபூசை, நவராத்திரி, சுதந்திர தினம் என்று ஆண்டு முழுவதும் நிகழ்ச்சிகளுக்குப் பாட்டுத் தெரிவதே என் வேலையாயிருந்தது. பன்னிரண்டு பாட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு மேடையிலே மூன்று பாட்டுக்குத்தான் நேரங் கிடைக்கும். பிரதம விருந்தினர் பிந்தி வந்தால் மூன்று இரண்டாகும். ஒரு பரிசளிப்பு விழாவிலே பாரதி பாட்டொன்றை விட்டுவிட்டு, அவ்விடத்தில் ஒரு நாட்டுப் பாடலைச் சேர்த்தேன். விழா முடிந்ததும் பெற்றார் ஒருவர் வந்து, "ரீச்சர், பாரதியாரையே இருட்டடிப்புச் செய்துபோட்டியளே!" என்று குறைப்பட்டார். "அடுத்த மாதம் நவராத்திரிக்கு அதே பாட்டைப் பிள்ளையள் பாடப் போகினம், வந்து கேளுங்கோ ஐயா" என்றேன். அவர் வந்தார், கேட்டார், மகிழ்ந்தார்.

நிகழ்ச்சி நிரல் என்றாலே தெரிவுதான். ஒன்றைச் சேர்க்கும்போது மற்றொன்று வெளியே நிற்கத்தான் செய்யும். அதனைத் தணிக்கை என்றால், உலகத்திலே தணிக்கை செய்யாத சங்கீத ஆசிரியர் ஒருவரும் இரார்.

அப்படியானால் உண்மைத் தணிக்கை எது? அதற்கும் பாரதியிடமே உதாரணம் உண்டு. பாரதி 1921இல் மறைந்தார். 1928இல், ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த சென்னை மாகாண அரசாங்கம் அவருடைய தேசியப் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்ட சபையிலே சத்தியமூர்த்தி எழுந்து அச்செயலைக் கடுமையாகக் கண்டித்தார். இங்கே நடந்தது தெரிவன்று. அப்பாடல்கள் எந்த மேடைக்கும் வரக்கூடாது, எந்த வீட்டு அலுமாரியிலும் இருக்கக்கூடாது என்பதே அரசாங்கத்தின் எண்ணம். அதனைச் செய்து முடிக்கப் பொலிசும் சட்டமும் அதன் கையில் இருந்தன. வேறிடத்திற் போய்ப் பாடலாம் என்ற வழியே அங்கு அடைபட்டது. தணிக்கையின் உண்மை உருவம் இதுதான்.

இவ்விரு முனைகளுக்கும் நடுவிலே நிற்கும் சங்கதிகள்தாம் நம்மை மயக்குகின்றன. இலண்டன் மாநகரிலே நடந்த ஒன்றைப் பாருங்கள். அங்கே றோயல் அல்பேட் மண்டபத்திலே ஆண்டுதோறும் பி.பி.சி. நடத்தும் இசைவிழாவின் கடைசி இரவில், கொடிகளை அசைத்துக்கொண்டு சபையோர் எல்லோரும் தேசபக்திப் பாட்டுகளைப் பாடுவது நெடுநாள் வழக்கம். அவற்றுள் ஒன்று "றூல் பிரிட்டானியா". ஜேம்ஸ் தொம்சன் இயற்றித் தோமஸ் ஆண் இசையமைத்த இப்பாட்டு 1740இல் அரங்கேறியது. ஆங்கிலேயக் கப்பல்கள் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற காலம் அது.

2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதி அமெரிக்காவிலே கோபுரங்கள் வீழ்ந்தன. நான்கு நாள் கழித்து நடந்த கடைசி இரவிலே அப்பாட்டை எடுத்துவிட்டார்கள். துயரத்துக்கு ஏற்ற சாமுவேல் பாபரின் மெல்லிசையும் பேதோவனின் ஒன்பதாம் இசைக்கோவையின் இறுதிப் பகுதியும் ஒலித்தன. கொண்டாட்டப் பாட்டுக்கு அது வேளையன்று என்பதைச் சபையோர் தாமாகவே உணர்ந்தனர். பின்பு 2020இல், கொள்ளை நோய்க் காலத்திலே, வெறும் மண்டபத்தில் விழா நடக்கவேண்டி வந்தது. அப்பாட்டின் இசையை மாத்திரம் வாசிப்போம், சொற்களைப் பாடமாட்டோம் என்று ஓகஸ்ட் மாதம் பி.பி.சி. அறிவித்தது. பாடகர் தொகையைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஆயினும் அடிமை வாணிகத்தை நினைவூட்டும் பாட்டென்று கூசியே விடுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. பிரதம மந்திரியே வாய் திறந்து கண்டித்தார். ஈற்றில் செப்டெம்பர் 2ஆந் திகதி முடிவு மாற்றப்பட்டது. 12ஆந் திகதி இரவு ஒரு சிறு பாடகர் குழு அப்பாட்டைப் பாடிற்று.

ஒரே மேடை, ஒரே பாட்டு. முதன்முறை எவரும் கோபிக்கவில்லை. இரண்டாம் முறை நாடே இரண்டுபட்டது. ஏன்? முதன்முறை சொல்லப்பட்ட காரணமும் மனத்திலிருந்த காரணமும் ஒன்றென மக்கள் நம்பினார்கள். இரண்டாம் முறை நம்பவில்லை. எனினும் 2020இல் நடந்ததையும் தணிக்கை என்று நான் கொள்ளேன். எந்த ஆங்கிலேயனும் எந்தத் தெருவிலும் எந்தப் பந்தாட்ட மைதானத்திலும் அப்பாட்டைப் பாடலாம், தடுப்பார் இல்லை. விழா நடத்துபவர் தம் மனத்திலுள்ளதை வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஆனந்த சமரக்கோன் 1940இல் இயற்றிய சிங்களப் பாட்டு 1951இல் இலங்கையின் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. அதனைப் பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கினார். இதிலே ஒரு சோகமும் உண்டு. 1961இல் அப்பாட்டின் தொடக்கச் சொற்கள் அபசகுனமானவை என்று, இயற்றியவரின் விருப்பத்துக்கு மாறாக அரசாங்கம் அவற்றை மாற்றியது. மறு ஆண்டு அவர் மறைந்தார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலே, மூன்றாம் அட்டவணையில் "ஸ்ரீ லங்கா தாயே" என்னும் தமிழ்க் கீதம் அச்சாகியிருக்கிறது. வடக்குக் கிழக்குப் பாடசாலைகளிலே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதனைப் பாடி வந்திருக்கிறார்கள். நானும் பாடியவள், பின்பு பாடக் கற்பித்தவள்.

2016ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி காலிமுகத் திடலிலே நடந்த சுதந்திர தின விழாவின் முடிவில், நெடுங்காலத்துக்குப் பின் அக்கீதம் தமிழிலே பாடப்பட்டது. வீட்டிலே தொலைக்காட்சி முன் இருந்தோம். என் தாயாருக்கு அப்பொழுது எண்பத்திரண்டு வயது, முழங்கால் வருத்தம். பாட்டுத் தொடங்கியதும் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார். முடியும்வரை இருக்கவில்லை.

2020இல் சுதந்திர சதுக்கத்திலே நடந்த விழாவில் கீதம் சிங்களத்தில் மாத்திரம் பாடப்பட்டது. தமிழில் இராது என்று முன்னமே செய்தி வந்திருந்தது. தாயாருக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அணிவகுப்பெல்லாம் முடிந்தபின்னும் அவர் காத்திருந்தார். "முடிஞ்சுதோ பிள்ளை? எங்கடை பாட்டு இன்னும் வரேல்லையே" என்றார். "இந்த முறை இல்லையாம் அம்மா" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றுங் கேட்கவில்லை. தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார்.

இதனைத் தணிக்கை என்று நம்மவர் பலர் எழுதினார்கள். அவர்களுடைய நோவு எனக்கும் உண்டு. ஆயின் அச்சொல்லை நான் ஏற்கவில்லை. தணிக்கை என்று நாம் குற்றஞ் சாட்டினால், "யார் உங்களைத் தடுத்தார்? உங்கள் பாடசாலையிலே பாடுங்களேன்" என்று இலகுவாக விடை சொல்லிவிடுவார்கள். அவ்விடையிலே பொய் இராது. வழக்கு அத்துடன் தோற்றுப்போகும். பிழையான பெயரைச் சொல்லித் தேடினால் உரிய ஆள் அகப்படுவாரா?

இதன் சரியான பெயர் புறக்கணிப்பு. கலியாண வீட்டுக்காரர் எந்த மேளத்தைப் பிடிப்பது என்பது அவருடைய விருப்பம்; அதிலே நமக்கு வழக்கில்லை. ஊர்ப் பொதுக் கோயிலின் கதை வேறு. அங்கே பத்து நாள் திருவிழாவிலே ஒவ்வொரு பகுதியாருக்கும் ஒவ்வோர் உபயம் உண்டு. ஓராண்டு, ஒரு பகுதியாரின் உபயத்தை நிருவாகம் எடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் கும்பிட வரலாம், யாருந் தடுக்கவில்லை" என்று சொன்னால் அது சமாதானமாகுமா? கோயில் பொது என்பதற்கு அடையாளமே அந்த உபயந்தான். அரசாங்கத்தின் சுதந்திர தினமும் கலியாண வீடன்று, பொதுக் கோயில்.

ஒரு நாட்டுக்கு ஒரு மொழியிலே ஒரு கீதம் போதும், இரண்டு பாடினால் ஒற்றுமை குலையும் என்பவர் உளர். அவர்கள் எல்லோரையும் துவேஷிகள் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஒரே பாட்டை ஒரே குரலிற் பாடுவதில் ஓர் அழகு உண்டுதான். ஆனால் தென்னாபிரிக்காவின் 1997ஆம் ஆண்டுக் கீதம் ஒரே பாட்டுக்குள் ஐந்து மொழிகளைக் கொண்டது. கனடாவிலே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பாடுகிறார்கள். மேலும், நம் நாட்டிலே இரண்டு பாட்டுகள் இல்லை. மெட்டு ஒன்று, பொருள் ஒன்று, மொழிகள்தாம் இரண்டு. பொருள் விளங்கிப் பாடும் பிள்ளைக்குத்தான் அந்த நாடு தன் நாடாகும் என்பதை வகுப்பறையிலே நான் முப்பது ஆண்டு கண்டிருக்கிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டொன்று விடுபட்டதென்று கேள்விப்பட்டால் உடனே கொதிக்க வேண்டாம். விட்டவர் யார், அந்த மேடை யாருடையது, சொன்ன காரணம் மெய்தானா, வேறிடத்திலே அதைப் பாட முடியுமா என்று முதலிலே கேளுங்கள். வேறிடத்திலும் பாட முடியாதென்றால் அது தணிக்கை; அஞ்சாது எதிர்க்க வேண்டியது. தனியார் மேடையிலே நேரமின்மையால் விட்டதென்றால் அது தெரிவு, பொறுத்துக்கொள்ளத் தக்கது. எல்லோருக்கும் பொதுவான மேடையிலே ஒரு பகுதியாரின் குரல் மாத்திரம் விடப்பட்டதென்றால் அது புறக்கணிப்பு. அதற்கு மருந்து, பொது மேடையிலே நமக்குள்ள பங்கை அமைதியாகவும் விடாமலும் கேட்பதே. ஓராட்சி சேர்ப்பதும் மற்றோராட்சி நீக்குவதுமாக அப்பங்கு ஒருவர் தயவில் நிற்கலாகாது. உரிமையாக நிலைபெற வேண்டும்.