அண்டை வீட்டாரின் மௌனமும் நம் வண்டியின் ஓசையும்



சில வாரங்களுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கியபோது, சிறு வயதில் நம்மிடம் குர்ஆன் ஓதக் கற்ற மாணவர் ஒருவர் ஸலாம் சொல்லி நின்றார். இப்போது அவர் பொறியியல் படிக்கிறார். புதிதாக வாங்கிய ராயல் என்பீல்டு இன்டர்செப்டர் 650 வண்டியைப் பெருமையோடு காட்டினார். பழைய காலத்து வடிவம், புதிய காலத்து இயந்திரம், இரு பக்கமும் பளபளக்கும் இரண்டு சைலன்சர்கள்.

"ஹஜ்ரத், கம்பெனி சைலன்சரைக் கழட்டிட்டு வெளியில விக்கிற சைலன்சர் மாட்டலாம்னு இருக்கேன். மார்க்கத்துல கூடுமா, கூடாதா?" என்று கேட்டார்.

அவருக்கு உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. அந்தக் கேள்விக்கான விடையை நாம் நம் சொந்த வாசலில், வெட்கப்பட்டுக் கற்றிருந்தோம். மறுநாள் வரச் சொன்னோம். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம்.

நம் அத்தாவிடம் ஒரு புல்லட் இருந்தது. ஜவுளி வியாபாரத்துக்காகப் பொள்ளாச்சி, உடுமலை என்று அலைந்துவிட்டு இரவில் திரும்புவார்கள். இரண்டு தெரு தள்ளி வரும்போதே அந்தச் சத்தம் கேட்கும். அம்மா அடுப்பைப் பற்றவைப்பார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் வாசலுக்கு ஓடுவோம். அத்தா வஃபாத்தான பின் அந்த வண்டியும் கைமாறிப் போயிற்று. ஓசை மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது.

அந்த ஓசைக்குக் காரணம் எளியது. ஒற்றைச் சிலிண்டர் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரத்தில், கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் எரிபொருள் ஒருமுறை எரியும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்ற நிதானத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தால், நொடிக்கு ஏறத்தாழ எட்டு முறை மட்டுமே எரிகிறது. அவை ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே காதில் விழுவதுதான் நாம் மயங்கும் அந்த 'டப் டப்'.

புல்லட் பிறந்தது இங்கிலாந்தில் என்றாலும் வளர்ந்தது நம் மாநிலத்தில். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்து ராயல் என்பீல்டுடன் கூட்டுச் சேர்ந்து, சென்னையில் இராணுவத்துக்கான 350 சிசி புல்லட்டை உருவாக்கத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலைக்குப் பிறகு ஒரகடம், வல்லம் வடகால் என்று உற்பத்தி விரிந்தது. 2021-இல் புதிய 349 சிசி இயந்திரத்துடன் கிளாசிக் 350 வெளிவந்தது. தோற்றம் அத்தா காலத்து வண்டியை நினைவூட்டியது, அதிர்வு வெகுவாகக் குறைந்திருந்தது, ஓசையும் அடக்கமாகியிருந்தது.

பழைய வண்டியாகக் கைக்கு வந்த அத்தகைய கிளாசிக் ஒன்றை நாம் வாங்கினோம். குனியமுத்தூரில் வீடு, உக்கடம் பக்கத்தில் மதரஸா. பஜ்ருக்கும் அங்கேயே செல்ல வேண்டும் என்பதால் வண்டி அவசியமாக இருந்தது. அதுவரை தவறில்லை. ஆனால் உள்ளம் அத்தாவின் ஓசையைத் தேடியது. ஒரு பணிமனையில் போய் நின்றோம். ஷார்ட் பாட்டில், மெகாபோன், கோல்டு ஸ்டார் என்று பல வகை சைலன்சர்கள் சுவரில் தொங்கின. ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். வளைகுழாயின் முனையில் பழைய சைலன்சரைப் பிடித்திருந்த கிளாம்பைத் தளர்த்தி, தாங்கியின் போல்ட்டைக் கழற்றி, புதியதை மாட்டினார்கள். அரை மணி நேர வேலைதான்.

சைலன்சர் வெறும் குழாயன்று. அதனுள்ளே அறைகளும் துளையிட்ட குழாய்களும் உண்டு. சிலவற்றில் ஓசையை உறிஞ்சும் கண்ணாடி இழைப் பஞ்சும் இருக்கும். சூடான புகை அவற்றினூடே மோதி, விரிந்து, வேகம் தணிந்து வெளியேறுகிறது. நாம் வாங்கியதில் அந்தத் தடுப்புகள் பெயரளவுக்கே இருந்தன. முடுக்கியவுடன் தெருவே அதிர்ந்தது. நாமோ கண்களை மூடி அத்தாவை நினைத்தோம்.

கோவையில் பஜ்ர் வேளை ஆண்டு முழுவதும் ஐந்து மணியை ஒட்டியே அமைகிறது. தெரு உறங்கும் அந்நேரத்தில் நாள்தோறும் வண்டியைக் கிளப்பினோம். அடுத்த வீட்டில் கொங்குப் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் வசிக்கிறார்கள். அவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒருநாள் மாலை அவர் வாசலில் நின்று, "ஏனுங்க பாய், உங்க வண்டிச் சத்தம் கேட்டாத்தானுங்க எங்களுக்குப் பொழுதே விடியுது" என்றார். அதைப் பாராட்டு என்று எண்ணிச் சிரித்து மகிழ்ந்தோம். அவர்தம் மரியாதைப் பேச்சுக்குள் ஒரு வேண்டுகோள் ஒளிந்திருந்ததை நம் செவி அறியவில்லை.

ரமளான் வந்தது. வழக்கம்போல் நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொண்டு நம் துணைவியார் அந்த வீட்டுக்குச் சென்றார். அஸர் நேரம் கடந்தும் பெரியவர் படுத்திருந்தார். உடம்புக்கு என்ன என்று விசாரித்தபோது அந்த அம்மா தாழ்ந்த குரலில் சொன்னாராம்: "ஒண்ணுமில்லீங்க. வெடியக்காலத்துல திடுக்குனு முழிச்சுக்கறாரு. நெஞ்சு படபடங்குதுன்னு உக்காந்துக்கறாரு. அதுக்கப்புறம் தூக்கமே புடிக்கறதில்லீங்க. பாய்கிட்டச் சொல்லீராதீங்க, சங்கடப்படுவாரு."

துணைவியார் வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்து இதைச் சொன்னபோது, நாம் மறுநாள் பாடத்துக்கான குறிப்பை எழுதிக்கொண்டிருந்தோம். பாடத்தின் தலைப்பு, அண்டை வீட்டார் உரிமை. எவருடைய தீங்கிலிருந்து அவருடைய அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறவில்லையோ அவர் இறைநம்பிக்கையாளர் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் ஆணையிட்டு எச்சரித்த செய்தியைப் பிள்ளைகளுக்கு விளக்க இருந்தோம். பேனாவை மூடி வைத்துவிட்டோம்.

லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைக் குர்ஆன் 31-ஆம் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. நடையில் நிதானமும் குரலில் தாழ்வும் வேண்டும் என்று கூறும் அவர், வெறுக்கத்தக்க ஓசைக்குக் கழுதையின் கத்தலை உவமை காட்டுகிறார். எத்தனையோ முறை ஓதிக்கொடுத்த வசனம். ஓதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்து நாமே அந்த வண்டியை முடுக்கியிருக்கிறோம். பள்ளிவாசலில் குர்ஆன் ஓதுவோர்கூட ஒருவருக்கொருவர் இடையூறாகக் குரலை உயர்த்த வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். இறைவசனத்தை ஓதும் குரலுக்கே வரம்பு உண்டெனில், இரும்புக் குழாயின் உறுமலுக்கு என்ன நியாயம் சொல்வோம்? தொழுகைக்குத்தானே போகிறோம் என்ற சமாதானமும் அன்றிரவு உதவவில்லை. தொழுகைக்குப் போகும் வழியில் ஒரு நோயாளியின் நெஞ்சை உதைத்துவிட்டுப் போயிருக்கிறோம்.

மறுநாளே பரணிலிருந்து பழைய சைலன்சரை இறக்கி மாட்டிக்கொண்டோம். பெரியவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். "அட, அதுக்கென்னங்க பாய், நமக்குள்ள என்னங்க" என்று நம் கையைப் பற்றிக்கொண்டார். தமக்குத் துன்பம் நேர்ந்ததாக அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பத்து நாள் சென்றபின் கவலையோடு கேட்டார்: "ஏனுங்க பாய், இப்பல்லாம் காலையில பள்ளிவாசலுக்குப் போறதில்லீங்களா?" அவர் நன்றாக உறங்குகிறார் என்பதை அறிந்து அல்லாஹ்வைப் புகழ்ந்தோம்.

மாணவரிடம் இதையெல்லாம் சொன்னோம். அவர், "அப்போ அழகான வண்டி வைக்கறதே தப்பா ஹஜ்ரத்?" என்றார். இல்லை. நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையடிப்பதாகுமா என்று ஒருவர் கேட்டபோது, அல்லாஹ் அழகை நேசிப்பவன் என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். வண்டியின் அழகு அதை வைத்திருப்பவருக்கு அனுமதிக்கப்பட்டது. ஓசையோ பிறருடைய வீட்டுக்குள் அனுமதி கேளாமல் நுழைகிறது. சைலன்சரை மாற்றுவது தன்னளவில் பாவம் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. அதனால் பிறர் துன்புறுவதே பாவம் என்கிறோம்.

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், ஒலி மற்றும் காற்று மாசு விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால் 190-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம்; குடியிருப்புப் பகுதிக்கு அப்போதைய அளவு 45 டெசிபல். நாம் பஜ்ருக்குக் கிளம்பும் வேளை, சட்டத்தின் கணக்கிலும் உறங்கும் வேளையே. பத்து டெசிபல் கூடினால் ஓசை ஏறத்தாழ இரட்டிப்பாகக் காதுக்குத் தோன்றும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இயந்திரத்துக்கும் இதனால் நன்மை உறுதியில்லை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பிஎஸ்-6 வண்டிகளில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் புகைபோக்கிப் பாதையிலேயே அமைந்துள்ளன. பாதையை மாற்றி, எரிபொருள் கணக்கை மாற்றாவிட்டால் வேகம் கூடாது, சத்தம்தான் கூடும். கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கழற்றினால் நச்சுப் புகையும் கூடும். அதைச் சுவாசிப்பவரும் நம் தெருக்காரரே.

ஓசையும் வேகமும் வேண்டுவோருக்கு உரிய இடமும் நம் ஊரில் உண்டு. செட்டிபாளையத்தில், பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தயத்துக்கென மாற்றப்பட்ட கான்டினென்டல் ஜிடி 650 வண்டிகள் அங்கே ஓடியிருக்கின்றன. அங்கு பார்க்க வருபவர் ஓசையைத் தேடி வருகிறார். நம் தெருவில் உறங்குபவர் அதைக் கேட்கவில்லை.

பெற்றோரே, பிள்ளைகளுக்கு ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். பல சமயத்தாரும் கலந்து வாழும் இந்தக் கோவையில், நம் அண்டை வீட்டார் நட்பு கெடக் கூடாதே என்று பலவற்றைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய மௌனத்தைச் சம்மதமாக எண்ணிவிட வேண்டாம். நாம் போய்க் கேட்க வேண்டும். கேட்டாலும் "ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். அதற்குப் பிறகும் கவனிக்க வேண்டும்.

மாணவர் யோசித்துச் சொல்வதாகக் கூறி விடைபெற்றார். அவர் என்ன முடிவெடுத்தார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அன்றிரவு அவர் வண்டியை எங்கள் தெருவில் கிளப்பவில்லை. முனை வரை தள்ளிக்கொண்டு போனதைத் திண்ணையிலிருந்து பார்த்தோம்.

நம் நாவாலும் கையாலும் வாகனத்தாலும் எவரும் துன்புறாத வாழ்வை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.