கொடும்பாளூருக்கு எவ்வளவு தூரம்?

கோவலனும் கண்ணகியும் நடந்த வழியில் மிதிவண்டியிற் சென்று பார்ப்பது என்று நாங்கள் ஐவரும் தீர்மானித்தது முதுகலை படித்த விடுதி நாள்களில். அதை நிறைவேற்ற இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இடையில் வேலை, திருமணம், வீட்டுக்கடன், முதுகுவலி. எங்களில் இருவர் தமிழ் கற்பிக்கிறோம், ஒருவன் இயற்பியல். ஒருவன் உரக்கடை வைத்திருக்கிறான். ஐந்தாமவன் வங்கியில் இருக்கிறான். இது அவனைப் பற்றியதுதான்.

பூம்புகாரிலிருந்து உறையூர் வரையிலான மூன்று நாள்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சமவெளி, காவிரி, தை மாதத்து இளவெயில், வழியெல்லாம் அறுவடைக்கு நின்ற சம்பா. இயற்பியல் நண்பன் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், சிறிது தொலைவு நடந்ததுமே கால் நொந்த கண்ணகி, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதம், அருகில்தான் என்று கோவலன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். எங்கள் வழியின் நீளம் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் ஒரு காதம் பத்துக் கிலோமீட்டர் என்பது நண்பனின் முடிபு. காதத்தைப் பத்து மைல் என்று படித்துவந்த எங்கள் இருவருக்கும் அதில் உடன்பாடில்லை. திருவையாறு வரும்வரை இந்த வழக்குத் தீரவில்லை.

கோவலனின் அந்தச் சிரிப்பு எங்களைத் தொற்றிக்கொண்டது. யார் தூரம் கேட்டாலும், "முப்பது காதம், பக்கம்தான்" என்று மற்றவர்கள் ஒரே குரலில் சொல்வதும் சிரிப்பதும் வழக்கமாயின. வங்கி நண்பன்தான் அடிக்கடி கேட்பான்.

நான்காம் நாள் உறையூரிலிருந்து ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். வெக்காளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு மதுரைச் சாலையைப் பிடித்தபோது இருள் விலகவில்லை. மணிகண்டம் கடந்ததும் மண் மாறிவிட்டது. வயல்கள் போய்ச் செம்மண்ணும் கருவேலமும் பாறைகளும் வந்தன. மூன்று நாள் தட்டையான நிலத்தில் மிதித்துப் பழகிய கால்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத அந்த மேடுகள் உடனே தெரிந்தன. எதிர்க்காற்று வேறு.

காலை உணவு விராலிமலையில் என்பது எங்கள் திட்டம். மயில்கள் உலவும் மலை. முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் ஊர். அங்கே இட்லி தின்பதே முறை என்று யாரோ சொல்ல, எல்லாரும் தலையாட்டினோம். வழியில் இரண்டு முறை அவன் கேட்டான். "மாப்ள, விராலிமலைக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" இரண்டு முறையும் சொன்னோம், "முப்பது காதம், பக்கம்தான்." இரண்டாம் முறை அவன் சிரிக்கவில்லை. அதை அப்போதே கவனித்தோமா, பிற்பாடு நினைவில் சேர்த்துக்கொண்டோமா என்று இன்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

விராலிமலையில் நால்வர்தான் இருந்தோம்.

முன்னே வந்த இருவர், அவன் பின்னவர்களோடு வருகிறான் என்று நினைத்திருந்தோம். கழன்ற சங்கிலியை மாட்டுவதற்காக நின்ற பின்னிருவர், அவன் முன்னே போய்விட்டான் என்று நினைத்திருந்தோம். கைப்பேசியில் அழைத்தால் மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. இட்லிக்குச் சொன்னதைச் சொன்னபடியே விட்டுவிட்டுத் திரும்பி மிதித்தோம். நான்குவழிச்சாலையில் வந்த வழியே திரும்பமுடியாது. மறுபக்கம் கடந்து, நடுத்திட்டின் செடிகளுக்கு மேலாக எதிர்ச்சாலையைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். ஒவ்வொரு லாரி மறைக்கும்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆறு கிலோமீட்டர் தாண்டி, அணுகுசாலையோரம் ஒரு கரும்புச்சாற்று வண்டியின் நிழலில் அவன் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. கையில் இரண்டாவது குவளை. பெரிய சாலையிலேயே சென்ற பின்னிருவர் அவனுக்கு முப்பதடி தள்ளிக் கடந்துபோயிருக்கிறோம்.

வண்டிக்கார அம்மாள் எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "ஏன்யா, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, சர்க்கரை ஆளை இப்பிடியா விட்டுட்டுப் போவீங்க? வண்டிய நிறுத்தத் தெரியாம நிறுத்தி அப்பிடியே உக்காந்துட்டாரு. கை நடுங்குது, பேச்சுக் குழறுது. எங்க வீட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் வரும். அதனால எனக்குத் தெரிஞ்சுது. தெரியாதவங்களா இருந்தா, காலங்காத்தால குடிச்சிட்டு வந்திருக்கான்னு நெனச்சுட்டுப் போயிருப்பாங்க."

வழக்கம்போல் ஐந்து மணிக்கு மாத்திரையை விழுங்கியிருக்கிறான். வழக்கமாக ஏழு மணிக்கு உண்பவன் எட்டாகியும் உண்ணவில்லை; அதற்குமேல் இந்த மேடும் காற்றும். சிலவகை மாத்திரைகளை உட்கொண்டுவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால், சர்க்கரை ஏறுவதில்லை, பாதாளத்துக்கு இறங்கிவிடும்.

அவனுக்குச் சர்க்கரை என்பது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் வெட்கம். வண்டிக்கார அம்மாளின் முன்னால் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டோம். நால்வரிடமும் தனித்தனியே, வெவ்வேறு ஆண்டுகளில், "மத்தவங்ககிட்ட சொல்லாதே" என்று சொல்லியிருக்கிறான். தனக்கு மட்டுமே சொல்லப்பட்ட இரகசியம் என்று ஒவ்வொருவரும் கண்ணியமாகக் காத்து வந்திருக்கிறோம். பயணத்துக்குப் பட்டியல் போட்டபோது பஞ்சர் ஒட்டும் பசை முதல் உ.வே.சா. பதிப்பு வரை எழுதினோம். உணவு நேரத்தை எழுதவில்லை.

பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று உரக்கடைக்காரன் சொன்னான். அவன் மறுத்துவிட்டான். "கொடும்பாளூரைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றான். அம்மாள் காசு வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்தியபின் குவளைக்கு உரிய விலையை மட்டும் எடுத்துக்கொண்டார். விராலிமலையில் அவன் உண்டு முடிக்கும்வரை நாங்கள் ஒருவரும் மயிலைத் தேடவில்லை.

அங்கிருந்து அவன் முன்னே சென்றான், நாங்கள் பின்னே. கொடும்பாளூர் சேர நண்பகலாகிவிட்டது.

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு அது வானதியின் ஊர். எங்களுக்கோ அது, காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் வழி சொல்லும் இடத்தை அடுத்த ஊர். கொடும்பைக் குளத்தின் கரையில் மதுரைக்குப் போகும் பாதை, சிவனின் சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான் அவன். அந்த ஊரிலேயே மூவர் கோயில் இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள், தன் பெயராலும் கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்த மூன்று விமானங்கள். மேற்கு நோக்கியவை. நடுவிலுள்ளதும் தெற்கிலுள்ளதும் நிற்கின்றன. வடக்கிலுள்ளதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. சுற்றிலும் சிறு ஆலயங்களின் அடித்தளங்கள். அர்த்தநாரியையும் யானையுரித்தவரையும் பற்றிப் பேச நாங்கள் இருவர் குறிப்பெடுத்து வந்திருந்தோம். அன்று பேசவில்லை.

அவன் அந்த மூன்றாம் மேடையின் விளிம்பில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றான். அருகில் உட்கார்ந்தோம். மன்னித்துவிடு என்று சொல்ல இருபது ஆண்டுப் பழக்கத்தில் எங்களுக்குச் சொல் இல்லை. இயற்பியல் நண்பன் அவன் குடுவையை வாங்கித் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தான். பேருந்துப் பேச்சை மறுபடி எடுத்தபோது, "வர்றேன்டா. ஆனா எனக்குப் பசிச்சா நான் நிப்பேன். நீங்களும் நிக்கணும்" என்றான்.

நின்றோம். துவரங்குறிச்சி சேருமுன் நான்கு முறை. உடன்வந்த கவுந்தியடிகளையும் சேர்த்து அந்த மூவர், நாளுக்கு ஒரு காதத்துக்கு மேல் நடக்காமல், இடையிடையே பல நாள் தங்கியே சென்றார்கள் என்று காப்பியம் சொல்கிறது. அதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம்.

மறுநாள் மாலை மேலூர் வழியாக மதுரை சேர்ந்தோம். ஐவரும் சேர்ந்தே. வழியில் அவன் எங்களிடம் தூரம் கேட்கவேயில்லை. தேநீர்க் கடைக்காரர்களிடம் கேட்டான். மைல்கல் வந்தால் இறங்கி நின்று படித்தான்.