ஆள் ஒருவரே

2024 ஜூன் 9, ஞாயிறு

பீளமேட்டு வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் மகனின் பழைய கணக்கு நோட்டு ஒன்று மேசைக்கு வந்தது. பின்பக்கம் திருப்பி, ‘ஆஸ்திரேலியா’ என்று எழுதி அடிக்கோடு போட்டான் கணவன். அதற்குக் கீழே தன் பெயர், அடுத்த வரியில் மனைவி பெயர். கரண்ட் பில் முதல் கேஸ் புத்தகம் வரை அந்த வீட்டில் எல்லாம் அந்த வரிசையில்தான்.

அவனுக்கு வயது 36. பஞ்சாலையில் இயந்திரப் பராமரிப்பு, படிப்பு மெக்கானிக்கல் டிப்ளமோ. அவளுக்கு 32. கட்டட வடிவமைப்பு ஆலோசனை நிறுவனம் ஒன்றில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். வேலைத் திறனை வைத்து ஆஸ்திரேலியாவில் குடியேற ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. 65 புள்ளி இருந்தால்தான் வாசற்படி மிதிக்கலாம். 45 வயது நிறைந்துவிட்டால் அதுவும் இல்லை. பத்துப் பொருத்தம் பார்க்கும் ஜோசியர்கூட ஒன்றிரண்டை விட்டுக்கொடுப்பார், பரிகாரம் சொல்வார். இங்கே பரிகாரம் கிடையாது.

அவன் கணக்கு முதலில். 33 முதல் 39 வரை வயதுக்கு 25. டிப்ளமோவுக்கு 10. எட்டு வருடத்துக்கு மேல் அனுபவம், அதற்கு 15. ஆங்கிலத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சிதான் தனக்கு எட்டும் என்று அவனே ஒப்புக்கொண்டான். அதற்குப் புள்ளி சுழி. ஆக 50. மனைவியின் தகுதிக்காகக் கிடைக்கும் 10 சேர்த்தாலும் 60.

அவள் பேனாவை வாங்கினாள். 32 வயது முடியும்வரை 30. பி.இ.க்கு 15. அனுபவத்துக்கு 10. கணவருக்கு ஓரளவு ஆங்கிலம் இருந்தால் 5. அவள் ஒரு பரீட்சைகூட எழுதுவதற்கு முன்பே 60 வந்துவிட்டது. ஆங்கிலத்தில் உச்ச நிலையைத் தொட்டால் இன்னொரு 20.

“ஏனுங்க, எம்பேர்லயே போட்டுடலாமுங்க.”

அவன் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான். பிறகு இரண்டு வரிக்கும் நடுவே ஓர் அம்புக்குறி போட்டு இடம் மாற்றினான்.

அனுபவத்தில் மட்டும் ஒரு முள். கடைசிப் பத்து வருடத்தில் செய்த வேலைதான் கணக்கு. எட்டு வருடம் இருந்தால் 15, குறைந்தால் 10. மகன் பிறந்த 2018 ஆகஸ்டில் வேலையை விட்டவள், 2021 ஆகஸ்டில்தான் திரும்பச் சேர்ந்தாள். பத்துக்கு எட்டு எப்போது தேறும் என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்: 2029. அப்போது அவளுக்கு 37. பிள்ளை வளர்த்த மூன்று வருடம் அந்த மூன்று வருடத்தோடு போகவில்லை.

2024 ஜூன் 30

இன்று முழுக்க இனிஷியல் பஞ்சாயத்து.

அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பட்டச் சான்றிதழில் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு கணவன் பெயரின் முதலெழுத்து ஏறிக்கொண்டது. பழைய அலுவலகத்தின் அனுபவச் சான்றில் இனிஷியலே இல்லை. ஐந்து காகிதத்தில் ஐந்து பெண்கள்.

குடும்பப் பெயர் என்ற ஒன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் கிடையாது. சாதிப் பெயரை உதறிய இடத்தில் அப்பாவின் முதலெழுத்தை வைத்துக்கொண்டோம். அது நம் ஊருக்குப் போதுமாக இருந்தது. கடல் தாண்டும் விண்ணப்பம் எதுவும் அந்த ஒற்றை எழுத்தோடு திருப்தி அடைவதில்லை, விரித்து எழுது என்கிறது. நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் தயாரானது: இன்ன பெயரிலும் இன்ன பெயரிலும் குறிக்கப்படும் ஆள் ஒருவரே.

அவன் பாஸ்போர்ட்டிலும் அதே கதைதான். இறந்துபோன அப்பாவின் பெயர் அவனுக்குக் குடும்பப் பெயராக நிற்கிறது. அங்கே போனால் அலுவலகத்தில் ‘மிஸ்டர்’ போட்டு அப்பா பெயரைச் சொல்லித்தான் தன்னைக் கூப்பிடுவார்கள் என்றான். அவன் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து சிரித்தார். “அந்த மனுசன் கோபி தாண்டி எங்கயும் போனதில்ல. பேராவது போகட்டும்.”

அவளுடைய மாமனாரான அவர் பத்திர எழுத்தராக இருந்தவர். சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பது வருடம். நடந்ததையெல்லாம் காகிதத்தில் நிற்க வைப்பதே அவர் பிழைப்பாக இருந்தது.

2024 ஆகஸ்ட் 14

பொறியாளர்களின் தகுதியை மதிப்பிடுவது ‘இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா’ என்ற அமைப்பு. பல நாட்டுப் பொறியியல் பட்டங்களை ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா முழு உறுப்பினரானது 2014 ஜூனில். அவள் படித்து முடித்தது 2013. எனவே பட்டத்தை மட்டும் நீட்டினால் போதாது. தான் செய்த மூன்று வேலைகளைப் பற்றி, ஒவ்வொன்றும் ஆயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள், பத்திக்குப் பத்தி எண் போட்டு எழுதித் தர வேண்டும்.

முதல் கட்டுரைக்கு ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொண்டாள். மண் பரிசோதனை அறிக்கை, நிலநடுக்கக் கணக்கு, தண்ணீர் நிற்கும் கான்கிரீட்டில் விரிசல் விழாமல் கம்பியை எந்த இடைவெளியில் கட்டுவது என எல்லாம் விரல் நுனியில் இருந்தன. எழுத்துத்தான் வரவில்லை. ‘வடிவமைக்கப்பட்டது’, ‘முடிவெடுக்கப்பட்டது’, ‘எங்கள் குழு பரிந்துரைத்தது’ என்றே விரல்கள் தட்டின. விதியோ வேறு: நீ என்ன செய்தாய் என்று சொல், ‘நான்’ போட்டு எழுது.

வேலை பார்த்த வருடமெல்லாம் வரைபடத்தின் மூலையில் முதலாளியின் கையெழுத்துக்குக் கீழே இரண்டெழுத்தாக இருந்தவள். ‘நான் கணக்கிட்டேன்’ என்று அடித்துவிட்டு அழித்தாள். மறுபடி அடித்தாள். இரவு பதினொன்றரைக்கு ஒரு பக்கம் தேறியது. அதில் பதினேழு ‘நான்’.

நகரிலுள்ள ஓர் ஆலோசனை மையத்தில் மூன்றையும் ஆயத்தமாகவே எழுதித் தருவதாகச் சொன்னார்கள், பெயரையும் கம்பெனியையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதுமாம். இட்லி மாவு வாங்குகிற மாதிரி. அந்த அமைப்பு திருட்டு எழுத்தை மென்பொருள் வைத்துப் பிடிக்கிறது, பிடிபட்டால் திரும்ப விண்ணப்பிக்கவே தடை என்பதைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. அவள் எழுந்து வந்துவிட்டாள்.

சம்பளச் சான்று தேடும்போது இன்னொன்று தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2013, 14-இல், சம்பளம் கவரில் ரொக்கமாகத்தான் வந்தது. பி.எஃப். இல்லை, வங்கிக் கணக்கில் தடம் இல்லை. நல்ல வேளை, விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அது எப்படியும் பத்து வருட எல்லைக்கு வெளியே போய்விடும்.

2024 செப்டம்பர் 28

ஆங்கிலத் தேர்வுக்கு ‘பி.டி.இ.’ எடுத்தாள். கணினி முன்னால் காதில் கருவி, வாயருகே மைக். பக்கத்துத் தடுப்பில் ஒரு பையன் தலையில் அடித்துக்கொண்டு சொல்வதுபோல ஒரே வாக்கியத்தை முழங்கிக்கொண்டிருந்தான். திருத்துவது இயந்திரம், தயங்கினால் மதிப்பெண் போச்சு, அர்த்தம் தப்பானாலும் நிற்காமல் பேசு என்பது பயிற்சி மையங்களின் தாரக மந்திரம்.

அன்றைய விதிப்படி நான்கு பகுதியிலும் 79 வந்தால் 20 புள்ளி. அவளுக்குப் பேச்சில் 90, எழுத்தில் 77. இரண்டு மதிப்பெண்ணில் பத்துப் புள்ளி கைநழுவியது. மூன்று வாரத்தில் திரும்ப எழுதி வாங்கிவிட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அவனும் நான்கிலும் 50-ஐத் தாண்டினான். தாண்டிய அன்று இரவு மகனிடம் ஆங்கிலத்திலேயே பேசி அவனை அழ வைத்தான்.

2024 நவம்பர் 10

தமிழுக்கு 5 புள்ளி.

இதைக் கேட்டதும் குடும்பமே முதலில் நம்பவில்லை. ஆஸ்திரேலியாவின் மொழிபெயர்ப்பாளர் அங்கீகார அமைப்பான ‘நாட்டி’ நடத்தும் தேர்வு ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் பேசும் ஒருவருக்கும் தமிழ் பேசும் ஒருவருக்கும் நடுவே நின்று இரண்டு உரையாடல்களை வாய்மொழியாக மாற்றிச் சொல்ல வேண்டும். 90-க்கு 63 எடுத்தால் தேர்ச்சி, ஒவ்வோர் உரையாடலிலும் 45-க்கு 29-க்குக் குறையக் கூடாது. 2021 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கும் மேல். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு.

இதே நாடு 1901-இல் சட்டம் போட்டு, வேண்டாதவர்களைத் தடுக்க மொழியைத்தான் பயன்படுத்தியது. அதிகாரி ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் வாசிப்பார், வந்தவர் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். 1934-இல் எகோன் கிஷ் என்ற பத்திரிகையாளரை உள்ளே விடக் கூடாதென்று முடிவெடுத்தார்கள். மனிதர் மெல்பர்னில் கப்பலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார். அவருக்கோ பல மொழி தெரியும். கடைசியில் ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் பரீட்சை வைத்துத் தோற்கடித்தார்கள். அது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது தனிக் கதை. 1958-இல்தான் அந்தப் பரீட்சை ஒழிந்தது.

தமிழ் நமக்குத் தெரிந்ததுதானே என்று உட்கார்ந்தவள் முதல் பயிற்சி உரையாடலிலேயே மாட்டிக்கொண்டாள். வீட்டுக் கடன் பற்றிய பேச்சு. “மார்ட்கேஜ்... மார்ட்கேஜ் பண்ண டாக்குமென்ட்...” காரணமில்லாமல் ஆங்கிலச் சொல் கலந்தால் மதிப்பெண் குறையும்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “அடமானப் பத்திரம்னு சொல்லு கண்ணு.”

அன்றிலிருந்து மாமியார் எதிர் நாற்காலியில். கேரண்டர் என்றால் ஜாமீன்தாரர். லீஸ் என்றால் குத்தகை. வில்லங்கம், வாரிசு, கிரயம், ஈடு, தாவா, வாய்தா, இழப்பீடு என்று அந்த அம்மாள் சரம் சரமாக எடுத்துவிட்டார். கணவர் மாலையில் வீட்டுக்குக் கொண்டுவரும் நகல்களைப் படித்துக்காட்டச் சொல்லி, பிழை பார்த்துக் கொடுத்தவர். பத்திரத்தில் ஓர் எழுத்துத் தப்பினால் இரண்டு தலைமுறை கோர்ட்டில் நிற்கும் என்று தெரிந்தவர். வாடகை வீட்டு ‘பாண்ட்’ தொகைக்கு என்ன சொல்வது என்று மருமகள் கேட்டபோது மட்டும், “அட்வான்ஸ்” என்றார் யோசிக்காமல். பிறகு இருவரும் கூடி ‘முன்பணம்’ என்று திருத்திக்கொண்டார்கள்.

இன்று காலை தேர்வு. இரண்டாவது உரையாடல் சொத்துத் தகராறு. அவள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தே மாமியாருக்குத் தெரிந்துவிட்டது.

2025 ஜனவரி 5, ஞாயிறு

தமிழ்த் தேர்வில் தேர்ச்சி வந்தது. நோட்டில் கூட்டல்: 30, 15, 10, 20, 5, 5. மொத்தம் 85. ‘ஸ்கில்செலக்ட்’ தளத்தில் விருப்ப மனு ஏறியது. அது இரண்டு வருடம் உயிரோடு இருக்கும். அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 65 என்பது வாசல் மட்டுமே. உள்ளே கூப்பிடுவது மேலிருந்து கீழாக, எண்ணிக்கை தீரும்வரை.

விசாக் கட்டணம் அப்போது முதன்மை விண்ணப்பதாரருக்கு 4,765 டாலர், கணவருக்கு ஏறக்குறைய அதில் பாதி, பிள்ளைக்குக் கால்வாசி. நம் பணத்தில் நாலரை லட்சத்தை நெருங்கியது. அழைப்பு வந்த பிறகு கட்டினால் போதும் என்பதால் அந்தப் பணம் இப்போதைக்கு சீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நோட்டில் வராத பெயர் ஒன்று உண்டு. அம்மாவுக்கு என்ன வழி என்று அவன் தேடினான். பெற்றோரில் ஒருவர் நிரந்தரமாகப் போக, பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே இருக்க வேண்டும். அக்கா ஈரோட்டில், இவன் அங்கே. இரண்டில் ஒன்று, அது சரிதான். சாதாரணப் பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பு 31 வருடம் என்று அப்போது அந்நாட்டு உள்துறையே மதிப்பிட்டிருந்தது. பெருந்தொகை கட்டி வாங்கும் விசா உண்டு. ஒருவருக்கு ஐம்பதாயிரம் டாலரைத் தொடும், அதற்கும் பத்து வருடத்துக்கு மேல் வரிசை.

“முப்பத்தொண்ணுன்னா எனக்குத் தொண்ணூத்திரண்டு. அப்ப வர்றேன். போய் எடம் புடிச்சு வைங்க” என்றார் அம்மா.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். அவள் பிறந்த நாளும் இன்றுதான், 33. மருதமலைக்குப் போய்விட்டு வந்து பாயசம் குடித்தாயிற்று. இரவு தளத்தைத் திறந்து பார்த்தாள். 85 இருந்த இடத்தில் 80. வயதைத் தளமே பார்த்துக் குறைத்துக்கொள்கிறது, வாழ்த்துக்கூடச் சொல்லாமல்.

இனி மாநிலங்களின் கதவு. ஒரு மாநிலம் பரிந்துரைத்தால் 190-ஆம் வகை விசாவுக்கு 5 புள்ளி கூடும், இழந்தது திரும்ப வந்துவிடும். 491-ஆம் வகைக்கு 15. ஆனால் அது ஐந்து வருடத் தற்காலிக விசா. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதியில் மூன்று வருடம் வாழ்ந்து, வரிக் கணக்குக் காட்டினால்தான் நிரந்தரம். பெர்த்தும் அடிலெய்டும் இந்தக் கணக்கில் ‘பிராந்தியம்’. அவனுக்கு 491 மேல் ஆசை, அவளுக்கு 190. இரண்டுக்கும் தனித்தனியே மனு போட்டார்கள். தண்ணீர்த் தொட்டி கட்டாத ஊர் எங்கே இருக்கிறது என்பது அவள் வாதம்.

2025 ஏப்ரல் 22, செவ்வாய்

அழைப்பு வரவில்லை. நோட்டில் இப்போது ஒரு பக்கம் முழுக்கத் தேதிகள்தான்.

சுற்றுலா விசாவிலாவது அம்மா வந்து போகட்டும் என்று அவருக்கு முதல் பாஸ்போர்ட். கோவை பாஸ்போர்ட் சேவை மையத்தில் காலை பத்தேகால் டோக்கன். குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன போடுவது என்று முந்தின இரவே பேசி, இவனுக்கு இருப்பதையே போட்டாயிற்று. ஒரே பெயர் இருந்தால் நாளைக்கு உறவை நிரூபிக்க வசதி.

கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் எழுத்து கொஞ்சம் வேறுபட்டது.

“உங்க வீட்டுக்காரர் பேர் என்னங்கம்மா? நீங்களே சொல்லுங்க.”

மகன் வாயெடுத்தான். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

அம்மா சிரித்தார், சேலைத் தலைப்பைச் சரி செய்தார், மகனைப் பார்த்தார். நாற்பத்தொரு வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. வில்லங்கம் முதல் வாய்தா வரை அத்தனை சொல்லும் வந்த வாய்.

“பேனா குடு சாமி” என்றார் அதிகாரியிடம். டோக்கன் சீட்டைத் திருப்பி அதன் முதுகில் எழுதினார். பத்திரத்தில் எழுதுகிற மாதிரி, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, இனிஷியலோடு.