கண் திறந்தால் கலையும் அலை

மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுக்க வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது, "தலைக்குக் குளிச்சிட்டு வாங்க, எண்ணெய் மட்டும் வைக்காதீங்க" என்பதுதான். தலைமேல் கிடைக்கும் மூளை மின்சாரம் பெரும்பாலும் 100 மைக்ரோவோல்ட்டுக்குள் அடங்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கில் எலக்ட்ரோடு சரியாக ஒட்டாவிட்டால், சுவரில் ஓடும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதை மூடிவிடும். அடுத்தது டேப். மூக்கின் மேல்பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடுவரை அளந்து, 10, 20 சதவீத இடைவெளிகளில் குறி வைப்போம். ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-இல் வெளியிட்ட முறை இது. அளவு பிசகினால் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் ஒப்பிடவே முடியாது.

இவ்வளவு பாடுபட்டாலும் ஒற்றை நியூரானின் குரல் மண்டையோட்டைத் தாண்டி வராது. பெருமூளைப் புறணியில் சில சதுர சென்டிமீட்டர் பரப்பில், ஒரே வாக்கில் நிமிர்ந்து நிற்கும் பிரமிடு நியூரான்கள் ஏககாலத்தில் சமிக்ஞை வாங்கினால்தான் கோடு அசையும். அந்தக் கோட்டின் உயரமே அவை எவ்வளவு சேர்ந்து இயங்குகின்றன என்பதன் கணக்கு.

"கண்ணை மூடிக்கங்கம்மா" என்றால், பின்மண்டைச் சேனல்களில் நொடிக்குப் பத்துப் போல ஆல்ஃபா அலைகள் சீராக எழும். "இப்பத் திறங்க" என்றதும் சட்டென்று படிந்துவிடும். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் இதை 1929-இல் எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் சரிபார்த்தார்கள். ஏட்ரியன் தன் தலையிலேயே எலக்ட்ரோடு வைத்துக் காட்டினார்.

அலை படிந்ததும் மூளை ஓய்ந்துவிட்டது என்றே புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. பார்வைப் பகுதியில் சின்னச் சின்னக் குழுக்கள் தத்தம் வேலைக்குப் பிரிகின்றன; துடிப்புகள் ஒன்றோடொன்று கூடாததால் கோடு தாழ்கிறது. தூக்கத்தில் மறுபடி கூடும்: முதலில் மூளையின் உள்ளிருக்கும் தலாமஸ் கிளப்பிவிடும் கதிரலைகள் (ஸ்பிண்டில்), பிறகு ஆழ்ந்த உறக்கத்தின் பெரிய அலைகள். அப்போது ஏராளமான நியூரான்கள் ஒன்றாக அடங்கி ஒன்றாக எழும்.

விழித்திருக்கும்போதே இந்தக் கூட்டு அளவு மீறினால்? அதைத் தூண்டிப் பார்க்க, மூன்று நிமிடம் விடாமல் மூச்சை இழுத்து ஊதச் சொல்வோம். சில பிள்ளைகள் பாதியில் ஊதுவதை நிறுத்திவிடுவார்கள், பார்வை நிலைகுத்தும். திரையில் எல்லாச் சேனல்களிலும் நொடிக்கு மூன்று வீதம் கூர்முனையும் அலையுமாகக் கோடுகள் எம்பும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. சில நொடிகளில், ஒன்றுமே நடக்காததுபோல பிள்ளை மீண்டும் ஊதத் தொடங்கும். புறணி முழுதும் ஒருமித்த அந்த நேரத்தில்தான் பிள்ளை தன் வசத்தில் இல்லை. கூடவும் வேண்டும், உடனே பிரியவும் வேண்டும். நலமான மூளைக்கு அதுவே அடையாளம்.

வகுப்பில் அடிக்கடி சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடம் தெரியாமல் விழிக்கும் பிள்ளையைக் கவனமில்லை என்று திட்டாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம்; இவ்வகை வலிப்பு பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும்.