மூன்று பிளேடு இடைவெளி

வலங்கைமானுக்கு வெடி வாங்கப் போவார்கள். பங்குனி இரண்டாம் ஞாயிறு, நோயிலிருந்து பிழைத்தவர்கள் வேண்டுதலாகப் பாடையில் படுத்து வரும் பாடைக் காவடி பார்க்கப் போவார்கள். வாட்டர் ஸ்கூட்டர் பார்க்கப் போனவர் என்று யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. நீடாமங்கலத்தில் வாத்தியாராக இருக்கும் நண்பர் போனில் சொன்னபோது கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். "பழைய ஆயில் இன்ஜின் பட்டறைங்க. பட்டறைக்காரரோட அக்கா மகன் ஈ.சி.ஆர். ரோட்டுல படகு மெக்கானிக். அங்க கெட்டுப்போற பம்ப்பைக் கழட்டிச் சாக்குல போட்டு, பஸ்ஸுல தூக்கிக்கிட்டு மாமன்கிட்ட வந்துடுவான். காவடிக்கு வரான், நீங்களும் வாங்க" என்றார்.

கும்பகோணத்திலிருந்து அரை மணி நேரம். 1997இல் திருவாரூர் மாவட்டம் பிறந்தபோது தஞ்சாவூரிலிருந்து பிரித்துச் சேர்த்த பகுதி இது. ஆனாலும் உதிரிபாகம் வாங்க, வெல்டிங் வைக்க, பெண் எடுக்க, கொடுக்க எல்லாம் இன்னும் கும்பகோணம்தான். பட்டறை கடைத்தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது. தகரக் கொட்டகை, எண்ணெய் குடித்துக் கறுத்த மண் தரை, நடுவில் ஒரு பழைய லேத். மூலையில் கிர்லோஸ்கர் இன்ஜினின் பிளைவீல்கள் இரண்டு. கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட வார்ப்பிரும்பு இம்பெல்லர்கள். எந்தக் காலத்திலோ யாரோ கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராதவை.

சாக்கிலிருந்து வெளியே வந்த சாமான் ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. அலுமினியக் கூடு, உள்ளே மூன்று இதழ் கொண்ட எஃகு இம்பெல்லர், பின்பக்கம் குறுகிப்போகும் வாய். மருமகனுக்கு முப்பது வயதிருக்கும். பம்ப்பைத் தரையில் படுக்கவைத்து விளக்கினான். வாட்டர் ஸ்கூட்டரில் மீன்பிடிப் படகு மாதிரி வெளியே சுற்றும் ப்ரொப்பல்லர் கிடையாது, கியர் பெட்டியும் கிடையாது. இன்ஜின் கிராங்க் சுற்றுவது அப்படியே கப்ளிங் வழியாக ஷாஃப்டுக்கு வருகிறது. ஷாஃப்ட் படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் இம்பெல்லரைச் சுற்றுகிறது. அடிவயிற்றுச் சல்லடை வழியாகத் தண்ணீரை இழுத்து, பின்வாய் வழியாகப் பீய்ச்சுகிறது. அந்த உதைதான் வண்டியை முன்னே தள்ளுகிறது. பின்வாயை இடம் வலம் திருப்பினால் வண்டி திரும்பும்.

மாமா குறுக்கிட்டார். "என்னங்க சார் இதுல அதிசயம்? நம்ம அஞ்சு எச்.பி. பம்ப்செட்டு. படுக்கப் போட்டு மேல ஒரு சீட்டு வச்சிருக்கான்."

விளையாட்டாகச் சொன்னாலும் அவர் சொன்னது சரித்திரப்படியும் சரிதான். நீரைப் பீய்ச்சி ஓடும் படகை 1950களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பில் ஹாமில்டன் என்ற நியூசிலாந்துக்காரர். செம்மறியாட்டுப் பண்ணை வைத்திருந்த விவசாயி. அவர் ஊர் ஆறுகளில் தண்ணீர் வேகமாக ஓடும், ஆழம் இருக்காது. கல்லில் தட்டி ப்ரொப்பல்லர் உடையும். அதற்குத்தான் பம்ப்பைப் படகுக்குள் வைத்தார். 1960இல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யனை எதிர்நீச்சலாகவே ஏறிக் காட்டின. தனி ஆள் ஓட்டும் சின்ன வண்டியைக் கவாசாகி கம்பெனி 'ஜெட் ஸ்கீ' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது 1973இல். நம்மூரில் முட்டுக்காடு மாதிரியான படகுத்துறைகளில் பணம் கட்டி, சட்டை மேல் மிதவை மாட்டிக்கொண்டு நாம் ஏறி உட்காருவது அதன் பேரப் பிள்ளைகளில்.

பம்ப்செட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வேகம். பட்டறை மூலையில் கிடக்கும் கிர்லோஸ்கர் நிமிடத்துக்கு 1500 சுற்று. இது 8000 சுற்றை நெருங்கும். அந்த வேகத்தில் மயிரிழை பிசகும் பேசும். இன்ஜினும் பம்ப்பும் ஒரே கோட்டில் உட்காராவிட்டால் கப்ளிங் ரப்பர் தூளாகும், பேரிங் ஊளையிடும். வயலில் ஆயில் இன்ஜினையும் பம்ப்பையும் ஜோடி சேர்க்கும்போது "லைன் பாக்குறது" என்பார்களே, அதே வேலை. ஷாஃப்ட் படகைத் துளைத்து வெளியேறும் இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது சில வண்டிகளில் ஒரு கார்பன் வளையம். மோனோபிளாக் பம்ப்பில் இருக்கும் கார்பன் சீலின் அண்ணன் அது. மாமா அதை விரலால் தடவிப் பார்த்தே, "முகம் போச்சு, மாத்து" என்று ஓரமாகப் போட்டார். முதல்முறை அப்படி ஒன்றைக் கையில் வாங்கியபோதும் இதே மாதிரிதான் தடவினாராம். மருமகன் சொன்னான்.

இன்ஜினின் கம்ப்யூட்டர், சென்சார் பற்றியும் அவன் நிறையச் சொன்னான். எனக்குப் புரியவில்லை. மாமாவுக்கும் அதில் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. டீ சொல்லி அனுப்பினார்.

டீ குடித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே சவர பிளேடுகள். இருபக்க விளிம்பையும் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கியவை. இம்பெல்லர் இதழின் நுனிக்கும் அதைச் சுற்றி நிற்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு பிளேடைச் செருகினார், போனது. இரண்டாவதைச் சேர்த்துச் செருகினார், அதுவும் போனது. மூன்றாவதையும் சேர்த்தார். கையை எடுத்தால் மூன்றும் சேர்ந்து கீழே விழுகிற அளவுக்கு ஆட்டம். "அதான் தள்ளல" என்றார்.

ஒரு பிளேடு 0.1 மில்லிமீட்டர் கனம். மூன்று பிளேடு 0.3. அவருடைய கணக்குப்படி ஒரு பிளேடு போய், இரண்டாவது இறுக வேண்டும். மூன்று தாராளமாகப் போனால் வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மருமகனின் பெட்டியில் முறையான ஃபீலர் கேஜ் இருக்கிறது. அதையும் வைத்துக் காட்டினான், கணக்கு ஒத்துப்போனது. ஆனாலும் மாமா தீப்பெட்டியை விடுவதாக இல்லை. "அந்த கேஜ் இலை வளையாதுங்க சார். வளையத்துக்குள்ள வளைவா இருக்குற எடத்துல பிளேடு படிஞ்சி உட்காரும்" என்றார். இரண்டையும் வாங்கிச் செருகிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் நிஜம்.

இந்த இடைவெளிதான் வண்டியின் ஜாதகம். இது கூடினால் தள்ளிய தண்ணீரில் கொஞ்சம் ஓரமாகப் பின்னால் நழுவும். ஓட்டுகிறவர் கைப்பிடியை முறுக்குவார். இன்ஜின் அலறும், வண்டி நகராது. இதழின் முதுகுப் பக்கம் அழுத்தம் குறைந்து, கொதிக்காமலே தண்ணீர் ஆவிக் குமிழாகும். அந்தக் குமிழ்கள் உடையும்போது விழுகிற அடியில் எஃகே அம்மைத் தழும்பாகும். இம்பெல்லரைத் திருப்பிக் காட்டினார். இதழ் ஓரத்தில் கடுகு கடுகாகப் பள்ளம். பம்ப்செட்டில் ஃபுட்வால்வு கசிந்து காற்று இழுத்தாலும் இரைச்சல் இதே மாதிரிதான் இருக்கும் என்றார். காரணம் வேறு, காதுக்கு ஒன்று.

எதனால் தேய்கிறது? மணல். ஆள் ஏறி இறங்கச் சுலபம் என்று கரையோரத்திலேயே வண்டியைக் கிளப்புகிறார்கள். மூன்றடிக்குக் குறைந்த தண்ணீரில் இன்ஜினை முறுக்கினால் அடிமணலை அது உறிஞ்சும். அறுந்த நைலான் வலை நூல் ஷாஃப்டில் சுற்றி, உராய்வுச் சூட்டில் உருகி சீலுக்குள் இறங்கும். பிளாஸ்டிக் பை சல்லடையை அடைக்கும். உப்பு தனி. அலுமினியக் கூட்டில் எஃகு போல்ட்டு கடல் தண்ணீரோடு சேர்ந்தால் அலுமினியத்தைத் தின்றுவிடும். போல்ட்டு கழராது, கழற்றினால் மரையோடு வரும். தன்னைத் தின்னக் கொடுத்து மற்றதைக் காப்பாற்ற ஒரு துத்தநாகத் துண்டு வைத்திருப்பார்கள். அது கரைந்து தீர்ந்த பிறகும் யாரும் மாற்றுவதில்லை என்பது மருமகனின் குறை.

கடலில் ஓடிய வண்டியை அன்றன்று நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதற்கும் முறை இருக்கிறது. கடல் தண்ணீரிலேயே இன்ஜினைக் குளிர்விக்கும் வண்டிகளில் முதலில் இன்ஜினைக் கிளப்ப வேண்டும், பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூட வேண்டும், பிறகு இன்ஜினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் புகை போகும் வழியில் தண்ணீர் நிரம்பி இன்ஜினுக்குள்ளேயே ஏறிவிடும். "இது ஒண்ணை மட்டும் ஒழுங்கா செஞ்சா எனக்குப் பாதி வேலை இருக்காது சார்" என்றான்.

தேய்ந்த வளையத்தை வெளியே எடுத்தார்கள். சில கம்பெனிகள் அதைப் பிளாஸ்டிக்கில் செய்கின்றன. இம்பெல்லர் தேயாமல் தான் தேய்ந்து போவதற்கென்றே வைத்த வளையம். புதியது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மாமா அதை லேத்தில் கடைந்து கொடுக்கிறார். முதலில் நைலான் உருளையில் கடைந்தாராம். பட்டறையில் அளவு கச்சிதம். தண்ணீரில் இறக்கிச் சில நாளில் இம்பெல்லரைக் கவ்விப் பிடித்துவிட்டது. நைலான் தண்ணீர் குடித்து உப்பும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது யூ.எச்.எம்.டபிள்யூ. என்ற பாலித்தீன் வகை உருளையை மருமகன் சென்னையில் வாங்கி வருகிறான். அது தண்ணீர் குடிக்காது. ஆனால் கடையும்போது சூடாகி விரியும். "சூட்டோட அளந்தா பொய் சொல்லும்" என்று ஒரு நூல் மிச்சம் வைத்து நிறுத்திவிட்டு, ராத்திரி ஆறவிட்டு, மறுநாள் காலையில் கடைசி வெட்டு வெட்டினார். கத்தி முனையில் வெள்ளைச் சுருள் அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது. இம்பெல்லரை மாட்டிப் பிளேடு செருகினார். ஒன்று போனது. இரண்டாவது பாதியில் நின்றது.

நசுங்கிய இதழ் விளிம்புக்குக் கும்பகோணத்தில் ஆர்கான் வெல்டிங் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதை அரத்தால் ராவி, ஒரு கம்பியில் கோத்து, இரண்டு இரும்புப் பட்டைகளின் விளிம்பில் உருட்டிவிட்டார். கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நின்றது. அந்தப் பக்கம் இரண்டு இழுப்பு அரம். மறுபடி உருட்டல். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை இப்படியே. பார்க்க அலுப்பாகத்தான் இருந்தது. அவருக்கு இல்லை.

எழுபதுகளில் கும்பகோணத்தில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். ஃபில்டர் பாயிண்ட் என்ற ஆழமில்லாத குழாய்க் கிணறு போட்டுக் குறுவை நெல் வைத்த காலத்தில் ஆயில் இன்ஜின் இல்லாத மிராசு இல்லை. நடுராத்திரி வந்து கதவைத் தட்டி, வண்டி மாட்டி அழைத்துக்கொண்டு போவார்களாம். 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானது. ஆயில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. அதன் பிறகு மோனோபிளாக், பிறகு நீர்மூழ்கி மோட்டார். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. போர்வெல்லை நம்பித்தான் குறுவை. அப்போதாவது வேலை வந்திருக்குமே என்றேன். "வந்துச்சி, மோட்டார் காயில் கட்டுறவனுக்கு. இம்பெல்லர் தேஞ்சா இப்ப யாரு கடையுறா? கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு மாட்டிடுறாங்க." சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் திருப்பூரில். லேத்தைத் தொடுவது அக்கா மகன் ஒருவன்தான்.

அந்த அக்கா மகனுக்கும் அங்கே சம்பளம் கிடையாது. படகு முதலாளிக்கும் இவனுக்கும் நடுவில் ஒரு காண்ட்ராக்டர். வண்டி கெட்டால் முதலாளி காண்ட்ராக்டரைக் கூப்பிடுவார், அவர் இவனைக் கூப்பிடுவார். ஒரு வேலைக்கு இவ்வளவு என்று கையில் காசு, அதுவும் சீசன் முடிந்த பிறகு. இதே மாதிரி இங்கே கடைந்த வளையம் ஒன்றுக்கு முதலாளியிடம் போன பில்லின் படத்தைப் போனில் வைத்திருந்தான். 'இம்போர்ட்டட் ஸ்பேர்' என்று எழுதி, வெளிநாட்டு வளையத்தின் விலையைப் போட்டு, அதற்கு மேல் ஃபிட்டிங் சார்ஜ். இரண்டு நாள் நின்று கடைந்த மனிதருக்கு அதில் வந்து சேர்ந்தது உருளை வாங்கிய காசும் அதற்கு மேல் கொஞ்சமும். மாமா அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெல்லை விளைவிக்கிறவனுக்கும் அரிசி தின்கிறவனுக்கும் நடுவில் நிற்கும் தரகனைப் பற்றி இந்த மண்ணில் எத்தனையோ பேசியாகிவிட்டது. கைத்தொழிலில் நிற்கும் தரகனைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. நெல்லையாவது மூட்டை கணக்கில் எண்ணலாம். கையில் இருக்கும் வித்தையை எந்தத் தராசில் வைப்பது? வித்தையைப் பொருளாக மாற்றி, அந்தப் பொருளுக்கும் வெளிநாட்டுப் பெயர் வைத்தால்தான் நம்மவர்கள் காசு கொடுக்கிறார்கள். உள்ளூர்ப் பட்டறையில் செய்தது என்று சொன்னால் பேரம் ஆரம்பமாகிவிடுகிறது. காண்ட்ராக்டர் நடத்துவது இந்தப் புத்தியை வைத்துத்தான். அவரை மட்டும் திட்டி என்ன பயன்?

பில்லில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லிக் கேட்கலாமே என்றேன். "கேட்டா அடுத்த பம்ப்பு வேற ஆளுகிட்ட போயிடும் சார்" என்றான். மாமா பம்ப்பைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டே, "இதுவும் பாடை ஏறி இறங்கின கட்டைதான். வேண்டுதல் பணம் மட்டும் பூசாரிக்கு" என்றார். தெருவில் காவடிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

படகு விடும் முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பம்ப் பழுது பார்த்த பில் வந்தால், கழற்றிய பழைய வளையத்தையும் மாட்டிய புது வளையத்தின் அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அட்டைப்பெட்டி இல்லை என்றால், கடைந்தது யார் என்று கேளுங்கள். கூலியை அவர் கையில் நேராகக் கொடுங்கள்.