போனோட சேர்ந்து வந்த ஆப்பு

2018 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. அப்ப நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஹாஸ்டல் மெஸ்ல இட்லி ஆறிக்கிட்டிருக்கு, பசங்க எல்லாரும் போன்ல காண்டாக்ட் லிஸ்ட்டை நோண்டிக்கிட்டிருக்கானுங்க. "டேய், எனக்கும் இருக்குடா", "எனக்கு இல்லையே"ன்னு ஒரே கூத்து. விஷயம் இதுதான். நிறைய பேரோட போன்ல யூ.ஐ.டி.ஏ.ஐ. அப்படீங்கற பேர்ல 1800-300-1947ன்னு ஒரு நம்பர் சேவ் ஆகியிருந்தது. யாரும் கையால போட்டது கிடையாது. ஆதார் ஆணையம் "அது பழைய நம்பர், நாங்க யாரையும் போடச் சொல்லலை"ன்னு கைவிரிச்சிருச்சு. டெலிகாம் கம்பெனிக்காரங்களும் நாங்க இல்லைன்னுட்டாங்க. கடைசில கூகுள் ஒத்துக்கிச்சு. 2014ல இந்தியாவுக்குன்னு போன் தயாரிக்கறவங்ககிட்ட கொடுத்த ஆண்ட்ராய்டோட செட்டப் விசார்டுல அந்த ஹெல்ப்லைன் நம்பரும், 112ம் தவறுதலா சேர்ந்துருச்சாம். அப்புறம் போன் மாத்தும்போதெல்லாம் மத்த காண்டாக்ட்டுகளோட அதுவும் கூடவே குடிவந்திருக்கு.

ஒரு நம்பரால என்ன கெட்டுப் போச்சு? ஒண்ணும் இல்லதான். என்னை உறுத்தினது வேற. நாலு வருஷம்! கோடிக்கணக்கான பேர் சட்டைப்பையில வச்சிருக்கற சாமானுக்குள்ள ஒருத்தர் ஒண்ணைப் போட்டு அனுப்பியிருக்கார், நாலு வருஷம் பெரிசா யாரும் கண்டுக்கலை. அது காண்டாக்ட் லிஸ்ட்ல, கண்ணுக்குத் தெரியற இடத்துல இருந்ததாலதான் கடைசில மாட்டுச்சு. கண்ணுக்குத் தெரியாத இடத்துல இருக்கறதெல்லாம்?

சரி, மேட்டருக்கு வருவோம்.

நாம ஒரு ஆப் டவுன்லோடு பண்ணினா போன் ரொம்ப மரியாதையா கேக்கும். காண்டாக்ட் பார்க்கலாமா, மைக் கேக்கலாமா, இருப்பிடம் சொல்லலாமா? 2015ல வந்த ஆண்ட்ராய்டு 6லேர்ந்து இந்தக் கேள்வி கேக்கற பழக்கம் இருக்கு. ஆனா இந்த மரியாதையெல்லாம் வெளியிலேர்ந்து வர்றவங்ககிட்டதான். போனோட சேர்ந்தே வர்ற ஆப்கள் சிஸ்டம் பார்டிஷன்ல உக்காந்திருக்கும். அதுல சிலதுக்கு தயாரிப்பாளரே தன் கையெழுத்தைப் போட்டு, வேண்டிய அனுமதியையும் முன்கூட்டியே கொடுத்து அனுப்பிடலாம். டப்பாவைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே நம்ம சார்பா யாரோ "சரி" அமுக்கியாச்சு. அந்த ஆப்களை அழிக்கவும் முடியாது. மிஞ்சிப் போனா 'முடக்கு'ன்னு ஒரு பட்டன் இருக்கும். அதுவும் பல ஆப்ல மங்கலாத்தான் இருக்கும், அமுக்கினாலும் அமுங்காது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப சித்தி போனைப் பார்த்தேன். சித்தி கோவில்பட்டில டெய்லர் கடை வச்சிருக்காங்க. எட்டாயிரம் ரூபா போன். (கம்பெனி பேர் வேண்டாம், எல்லாரும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்கதான்.) "ரொம்ப சூடாவுது, சார்ஜே நிக்க மாட்டேங்குது, என்னன்னு பாருய்யா"ன்னு கொடுத்தாங்க. பார்த்தா சித்தி ஒரு தடவைகூடத் திறக்காத கிளீனர் ஆப் ஒண்ணு இருக்கு. அதுக்கு காண்டாக்ட், எஸ்.எம்.எஸ்., போன் கால் எல்லா அனுமதியும் இருக்கு. குப்பை கூட்டற ஆளுக்கு பீரோ சாவி எதுக்குங்கறேன். அதுபோக கம்பெனியோட சொந்த ஆப் கடை, சொந்த பிரவுசர், லாக் ஸ்கிரீன்ல தினம் ஒரு படத்தோட விளம்பரம் காட்ட ஒண்ணு.

"சித்தி, இதெல்லாம் உங்க மெசேஜைப் படிக்கலாம்னு இருக்கு, தெரியுமா?"

"படிச்சா படிச்சிட்டுப் போறான். என்கிட்ட என்னய்யா ரகசியம் இருக்கு? பேங்க்காரன் மெசேஜ், கேஸ் மெசேஜ், அம்புட்டுத்தான்."

"கஸ்டமர் நம்பரு?"

"அது முந்நூறு நானூறு இருக்கும்."

பேசிக்கிட்டே கேலரியைத் திறந்தாங்க. ஜாக்கெட் டிசைன், அளவு எழுதின நோட்டுப் பக்கம், ட்ரையல் போட்டுப் பார்க்கறப்ப "கை இங்க பிடிக்குதுக்கா"ன்னு பொண்ணுங்க அனுப்பின படங்க. அதைப் பார்த்ததும் சித்தியே ஒரு நிமிஷம் பேசலை. "இதையுமா பார்ப்பான்?" கிளீனருக்கு ஸ்டோரேஜ் அனுமதியும் இருந்துச்சு. பார்த்துச்சான்னு நான் சொல்ல முடியாது, பார்க்க வழி இருக்குன்னு மட்டும் சொன்னேன். "அந்தப் பிள்ளைங்க என்னை நம்பி அனுப்பினதுய்யா, என் போனை நம்பியா அனுப்புச்சுங்க"ன்னாங்க. அஞ்சு வருஷமா மென்பொருள் எழுதறேன், பிரைவசி பத்தி எத்தனையோ ட்ரெயினிங் அட்டெண்ட் பண்ணியிருக்கேன். இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்லை.

நீ ரொம்பப் பயப்படறேன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு நிஜக் கதை. 2016 நவம்பர்ல கிரிப்டோவயர்னு ஒரு அமெரிக்க பாதுகாப்பு நிறுவனம் ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. ப்ளூ ஆர்1 எச்.டி.ன்னு அமேசான்ல 50 டாலருக்கு வித்த விலை மலிவான போன். அதுல அப்டேட் அனுப்பறதுக்காக ஆடப்ஸ்ங்கற ஷாங்காய் கம்பெனியோட மென்பொருள் இருந்தது. அது எஸ்.எம்.எஸ். முழுசையும், காண்டாக்ட் லிஸ்ட்டையும், யார்கிட்ட எப்ப பேசினாங்கங்கற விவரத்தையும் எடுத்து சீனாவுல இருக்கற சர்வருக்கு அனுப்பிக்கிட்டிருந்துச்சு. மெசேஜும் கால் விவரமும் 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை. பால்காரர் மாதிரி கரெக்ட்டா! சிக்கினது எப்படின்னா, ஒரு ஆராய்ச்சியாளர் வெளிநாட்டுப் பயணத்துக்காக அந்த போனை வாங்கியிருக்கார், நெட்வொர்க்ல ஏதோ வித்தியாசமா போறது அவர் கண்ணுல பட்டிருக்கு. அவர் வேற போன் வாங்கியிருந்தா? 1,20,000 போன்ல இருந்ததா ப்ளூ கம்பெனியே சொல்லுச்சு. 2018ல அமெரிக்க எஃப்.டி.சி. கேஸ் போட்டு, சமரசமா முடிஞ்சது.

இது ஒரு கம்பெனியோட சேட்டைன்னும் ஒதுக்க முடியாது. 2019ல மாட்ரிட் பக்கத்து ஆராய்ச்சியாளர்கள் சிலர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காரங்களோட சேர்ந்து, ஒரு ஆப் மூலமா தன்னார்வலர்களோட போன்லேர்ந்து இந்த முன்கூட்டியே வர்ற ஆப்களைத் திரட்டினாங்க. 200க்கும் மேல தயாரிப்பாளர்கள், 82,000க்கும் மேல ஆப் ஃபைல்கள். விளம்பரக் கம்பெனிகளோட கோடு, ஆளைத் தொடர்ந்து கண்காணிக்கற கோடு, சில இடத்துல நேரடியா வில்லங்கமான கோடுகூட உள்ள இருந்தது. எந்த ஆப் யாரு எழுதினது, யாரு உள்ள வச்சதுன்னு கண்டுபிடிக்கறதே அவங்களுக்குப் பெரும்பாடா போச்சு. அந்தத் துறையிலேயே ஊறினவங்களுக்கு இந்த கதி. சித்திக்கு?

ஏன் இப்படிங்கறதுக்கு பதில் ரகசியம் இல்லை. 2018 ஏப்ரல்ல ஷியோமி தலைவர் லெய் ஜுன், ஹார்டுவேர்ல 5 சதவீதத்துக்கு மேல நிகர லாபம் வைக்க மாட்டோம்னு வெளிப்படையா அறிவிச்சார். (சித்தி போன் வேற கம்பெனி, அவர் மேல பழி இல்லை.) மீதி வருமானத்துல ஒரு பங்கு விளம்பரத்துலயும் ஆப்லயும் வரணும். ஆப்காரன் போனுக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து இடம் பிடிக்கறான். அதனால போன் எவ்வளவு மலிவோ உள்ள அவ்வளவு கூட்டம். லட்ச ரூபா போன் வச்சிருக்கற எங்க மேனேஜருக்கு கிளீனர் தொல்லை கிடையாது. இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். காசு இருக்கறவனுக்குப் பூட்டு, இல்லாதவனுக்குத் திறந்த வீடுன்னா அது என்ன நியாயம்?

சட்டம் பக்கம் போனா அங்கயும் பாதி வழிதான். 2022 அக்டோபர்ல இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபா அபராதம் போட்டப்ப, முன்கூட்டியே வர்ற கூகுள் ஆப்களை மக்கள் அழிக்கறதைத் தடுக்கக்கூடாதுன்னும் உத்தரவு போட்டுச்சு. பரவாயில்லையேன்னு சந்தோஷப்பட்டேன். 2023 மார்ச்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வச்சுக்கிட்டு, அந்த அழிக்கற உத்தரவை ரத்து பண்ணிருச்சு. ஹூம்.

அப்புறம் 2025 நவம்பர் கடைசில அரசாங்கமே களத்துல இறங்குச்சு. புதுசா விக்கற எல்லா போன்லயும் 90 நாளைக்குள்ள சஞ்சார் சாத்தி ஆப் இருக்கணும், அதோட வசதிகளை முடக்கக்கூடாதுன்னு தொலைத்தொடர்புத் துறை உத்தரவு. அந்த ஆப் கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன். தொலைஞ்ச போனை முடக்க, நம்ம பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு பார்க்க நல்ல ஆப்தான். ஆனா நல்லதுன்னா எடுத்துச் சொல்லுங்க, நானே போட்டுக்கறேன். எதிர்ப்பு பலமா கிளம்பி, டிசம்பர் 3ஆம் தேதியே கட்டாயத்தை வாபஸ் வாங்கிட்டாங்க. ரஷ்யாவுல 2025 செப்டம்பர்லேர்ந்து மேக்ஸ்னு ஒரு மெசஞ்சர் எல்லா புது போன்லயும் கட்டாயம். அங்க வாபஸ் எல்லாம் இல்லை. கம்பெனி உள்ள வச்சதுக்குப் பழகிட்டோம்னா அரசாங்கம் வைக்கறப்ப எந்த வாயால கேக்கறது?

சித்தி போனை என்ன பண்ணேன்னா, லேப்டாப்ல கேபிள் மாட்டி ஏடிபி மூலமா வேலையைப் பார்த்தேன். அதுல ஆப்களை முழுசா அழிக்க முடியாது, அந்த யூசருக்கு மட்டும் இல்லாம பண்ணலாம். ஃபாக்டரி ரீசெட் போட்டா எல்லாம் திரும்ப வந்துரும். ஒவ்வொரு பேரா பார்த்துப் பார்த்து 19 ஆப்களைத் தூக்கினேன். கண்ணை மூடிக்கிட்டு தூக்கக்கூடாது, டயலரையோ சிஸ்டம் யூ.ஐ.யையோ தூக்கிட்டா போன் செங்கல்தான். ரெண்டு மணி நேரம் ஆச்சு. இந்த ரெண்டு மணி நேரமும் கேபிளும் அக்கா பையனும் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு கேக்காதீங்க, என்கிட்ட பதில் இல்லை.

சாயங்காலம் சித்தி போனை வாங்கிப் பார்த்துட்டு, "சூடு இல்லை, நல்லாருக்கு. ஆனா காலைல காலைல மலை, அருவின்னு படம் வருமே, அது எங்கய்யா?"ன்னாங்க. அதுதான் விளம்பரம் காட்டற லாக் ஸ்கிரீன் ஆப். விளக்கிச் சொன்னேன். யோசிச்சுட்டு, "அந்த ஒண்ணை மட்டும் போடு. அது போட்டோவைப் பார்க்காம மட்டும் பண்ணிரு"ன்னாங்க. அவங்க போன், அவங்க முடிவு. திரும்ப ஏத்தி, அனுமதி எல்லாத்தையும் பிடுங்கிட்டுக் கொடுத்தேன். :-)

போன வாரம் சித்தி கூப்பிட்டாங்க. சிஸ்டம் அப்டேட் ஒண்ணு வந்துச்சாம், கிளீனர் மறுபடி வந்து உக்காந்திருக்காம். அதுவரைக்கும் கஸ்டமர் படங்களை எல்லாம் தம்பியோட பழைய பென் டிரைவ்ல ஏத்திட்டு போன்லேர்ந்து அழிச்சுட்டாங்களாம். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப கேபிள் எடுத்துட்டுப் போகணும்.